தாகம் பழக்கியவள்

வெயிலுகந்தம்மாளின் விரல்களைப் பார்த்தால் யாரும் தீப்பெட்டி ஆபீஸ்காரி என்றுதான் சொல்வார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எந்நேரமும் எதையோ பொறுக்கி வரிசையில் வைக்கத் தேடுகிற மாதிரியே இருக்கும். பதினோரு வயசில் குச்சி அடுக்க உட்கார்ந்தவள். கல்யாணமாகி, ஒரு பிள்ளை பெற்று, இருபத்தொன்பது வயசு வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒரு இருமல் பிடித்தது. தீக்குச்சி மருந்து வாடை பட்டாலே நெஞ்சை அடைக்கிற இருமல். வேறு சோலியைப் பாரும்மா என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கோவில்பட்டியில் அப்போது வேறு சோலிக்கு எங்கே போவது?

எண்பத்தொன்பதாம் வருஷம் அது. உரக்கடை செண்பகராஜ் எட்டயபுரம் ரோட்டில் ஒரு நர்சரி போட்டார். மானாவாரிக் காட்டில் பருத்தியும் உளுந்தும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தது போதும், நெல்லி போடு, இலந்தை போடு, சீத்தா போடு என்று ஆபீசர்மார் ஜீப்பில் வந்து ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். போடு போடு என்றால் கன்றுக்கு எங்கே போவான் சம்சாரி? நம்மிடம் வருவான் என்று செண்பகராஜ் நினைத்தார், நினைத்தது சரியாகவும் போயிற்று. தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் தேவைப்பட்டது. வெயிலுகந்தம்மாளின் புருஷன் இசக்கியப்பன் அவர் கடைக்கு உரமூட்டை ஏற்றி இறக்குகிற டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் போய்ச் சொல்ல, இவள் வந்து சேர்ந்தாள்.

வந்த முதல் நாளே அந்த இடம் அவளுக்குப் பிடித்துவிட்டது. தென்னங்கீற்றுப் பந்தல், அடியில் வரிசை வரிசையாகக் கறுப்புப் பாக்கெட்டில் கன்றுகள், ஒரு போர்க்கிணறு, நீளமாக ஒரு ரப்பர் குழாய். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு கோவில்பட்டிக்காரிக்கு! எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீருக்காகக் குடத்தை வரிசையில் போட்டு, அந்த வரிசைக்காகச் சண்டை பிடித்து, பாதி ஆயுசைத் தெருக்குழாயில் கழித்தவள் அவள். கையில் தண்ணீர் ஓடினால் மனசு நிற்குமா? காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மத்தியானம் வெக்கை அதிகமென்று பட்டால் இன்னொரு தடவை. கன்றுக்குத் தாகம் எடுக்க விடுவது பாவம் என்றே அவள் நம்பினாள்.

கன்றுகளும் அவளை ஏமாற்றவில்லை. ஒட்டுநெல்லியெல்லாம் கண்ணைப் பறிக்கிற பச்சையில் தளதளவென்று நின்றன. பார்க்க வருகிறவர்கள் மற்ற நர்சரியில் கேட்ட விலையை மறந்துவிட்டு இங்கேயே வாங்கிப் போனார்கள். கைராசிக்காரி என்று பேர் வந்தது. பேருதான் வெயிலுகந்தாள், அவளிடம் இருக்கிற கன்று ஒன்றுகூட வெயிலைப் பார்த்ததில்லை என்று செண்பகராஜ் கேலி பேசுவார். பேசினாலும் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். அவளுக்கும். பதினெட்டு வருஷம் குச்சி அடுக்கியவளை எந்தக் குச்சியும் நீ நன்றாக அடுக்கினாய் என்று சொன்னதில்லை. இங்கே ஒவ்வொரு இலையும் அவளைப் பாராட்டிய மாதிரி இருந்தது.

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் சுந்தரம்மாள் வந்தாள். நாகலாபுரத்துக்குக் கிழக்கே, பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்கிற ஊர். ஐம்பது வயசிருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகளை மதுரையில் கட்டிக்கொடுத்தாயிற்று, கையில் இருந்தது இரண்டு ஏக்கர் கரிசல். ஒற்றை ஆளாக வருஷா வருஷம் உழுது விதைத்து அறுக்க முடியவில்லை, மரமாக நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று நெல்லிக்கு வந்திருந்தாள். இருநூறு கன்று. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, இலை பெரிசாக இருப்பதையே எடுத்தாள். போகும்போது வெயிலுகந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கையால் வளர்ந்தது வீண் போகாது என்றாள். அன்றைக்கெல்லாம் வெயிலுகந்தம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த பங்குனி கடைசியில் சுந்தரம்மாள் திரும்ப வந்தாள். ஒரு மஞ்சப்பையிலிருந்து வேரோடு பிடுங்கிய ஒரு காய்ந்த கன்றை எடுத்து செண்பகராஜின் மேஜைமேல் வைத்தாள். சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். இருநூறும் போய்விட்டது என்றாள். ஊருணியிலிருந்து குடம் குடமாக இடுப்பில் சுமந்து ஊற்றியதாகவும், ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்றும் சொன்னாள். பிறகு வெயிலுகந்தம்மாளைப் பார்த்தாள்.

"நீ வளத்த கன்னுதான தாயி. என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லு."

வெயிலுகந்தம்மாள் கன்றைக் கையில் எடுத்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஐந்து மாசம் மண்ணில் இருந்த கன்று, வேர் இன்னும் பாக்கெட்டின் வடிவத்திலேயே நின்றது. கீழே ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் வாய்க்குச் சோறு வந்தால் எவன் எழுந்து தேடுவான்? இரண்டு வேளையும் வாயில் தண்ணீர் வந்து விழுந்த வேர், பாக்கெட்டுக்குள்ளேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டது. மேலே மட்டும் குடை மாதிரி இலை. அத்தனை இலைக்கும் வெயில் வந்து கேட்கும்போது கொடுக்க வேரிடம் ஒன்றுமில்லை.

செண்பகராஜ் கன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரர், அவருக்கு வேறு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "தண்ணி ஒழுங்கா ஊத்தியிருக்க மாட்டீய. கன்னுல ஒரு குத்தமும் கெடையாது. வெயிலு, நீயே சொல்லு" என்றார்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கைராசிக்காரியைப் பார்த்தார்கள்.

"கன்னு நல்லாத்தான் அண்ணாச்சி இருந்துச்சு" என்றாள் அவள்.

வேலை போய்விடும் என்ற பயமா? அதெல்லாம் இல்லை. செண்பகராஜ் அப்படி விரட்டுகிற ஆளும் இல்லை. அந்தப் பேர் போய்விடும் என்ற பயம். அதைத்தான் அவளால் பிற்பாடு மன்னிக்க முடியவில்லை. சுந்தரம்மாள் கன்றைத் திரும்பக் கேட்கவில்லை. அப்போ என் கையில்தான் கோளாறு என்று முனகிக்கொண்டு பையை மடித்து இடுப்பில் செருகினாள். வெயிலுகந்தம்மாள் ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நம்ம பக்கத்தில் ஒருத்தர் வந்தால் முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு. அன்றைக்கு முறை தவறித் தண்ணீர் கடைசியில் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு சுந்தரம்மாள் ரோட்டில் இறங்கி நடந்தாள். சித்திரை பிறக்கப்போகிற வெயிலில், குடிக்காமல்.

அந்த வெயிலிலிருந்து வெயிலுகந்தம்மாளுக்கு நிம்மதி போயிற்று. தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தாலே சுருண்ட வேர்தான் கண்ணில் வந்தது. ஒரு நாள் நர்சரியின் வடகிழக்கு மூலையில், குழாய் எட்டாத இடத்தில், யாரோ எப்போதோ ஒதுக்கிப் போட்ட பத்துப் பன்னிரண்டு கன்றுகளைப் பார்த்தாள். பந்தலுக்கு வெளியே கிடந்தன. மழை பெய்தால் குடித்து, பெய்யாவிட்டால் காய்ந்து, கட்டையாய், இலை சிறுத்து, தண்டு மரநிறத்தில் இறுகிப் போய் இருந்தன. பார்க்கச் சகிக்காது. ஒன்றை எடுத்து பிளேடால் பாக்கெட்டைக் கிழித்தாள். உள்ளே மண் தெரியவில்லை. அவ்வளவு வேர். நடு வேர் நேரே அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருந்தது. மண்ணை உதறிப் பார்த்துக்கொண்டு அங்கேயே குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து கன்றுகளுக்குத் தாகம் பழக்க ஆரம்பித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. செண்பகராஜிடம் கேட்டு இரண்டு பாத்தி வாங்கிக்கொண்டாள், உன் இஷ்டத்துக்கு என்னவும் செய், மற்ற பாத்தியைத் தொடாதே என்பது அவர் போட்ட நிபந்தனை. முதலில் பந்தல் கீற்றில் ஒன்று விட்டு ஒன்றை உருவினாள். தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கினாள், பிறகு இரண்டு நாள், பிறகு மூன்று நாள். மாசத்துக்கு ஒரு தரம் பாக்கெட்டையெல்லாம் தூக்கி இடம் மாற்றி வைத்தாள், இல்லாவிட்டால் வேர் தரைக்குள் இறங்கிக்கொண்டு ஏமாற்றும். சொல்கிறபோது என்னவோ சுலபமாக இருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு இலையெல்லாம் தொங்கிக்கொண்டு நிற்கும்போது, குழாய் பக்கத்திலேயே கிடக்க, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தால் தெரியும். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். சில நாள் அழுதிருக்கிறாள்.

முதல் தடவை அளவு தெரியாமல் நாற்பது கன்றைக் கொன்றுவிட்டாள். அதிலிருந்து ஒன்று பிடிபட்டது. மத்தியானம் தொங்குவது பாசாங்கு, அதை நம்பக்கூடாது. மறுநாள் பொழுது விடியும்போது போய்ப் பார்க்க வேண்டும். இலை நிமிர்ந்திருந்தால் இன்னும் தாங்கும். விடியற்காலையிலும் தொங்கினால் அதுதான் எல்லை, உடனே தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள், இது நாளை வரைக்கும் போகும், இது போகாது என்று. இத்தனை வருஷம் எதையாவது பொறுக்கித் தேடிக்கொண்டிருந்த அந்த விரல்களுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது.

அந்த இரண்டு பாத்திக் கன்றையும் வாங்க ஆள் இல்லை. வருகிறவர்களெல்லாம் மற்ற பாத்தியின் பச்சைக்கே போனார்கள். சவலைப்பிள்ளை மாதிரி இருக்கிற இதை யார் தலையில் கட்டப் பார்க்கிறாய் என்று செண்பகராஜ் எரிந்து விழுந்தார். தொண்ணூற்று ஐந்து ஐப்பசியில், இடத்தைக் காலி பண்ணு, குப்பைக் குழியில் போடு என்றுவிட்டார். குப்பையில் போடுகிறதை நான் எடுத்துக்கொள்கிறேன் அண்ணாச்சி என்றாள். எடுத்துத் தொலை என்றார். இசக்கியப்பனின் டெம்போவில் இருநூறு கன்றை அடுக்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்து சுந்தரம்மாளின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

முதலாளி மாற்றுக் கன்று கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று ஒரு பொய்யைச் சொன்னாள். சுந்தரம்மாள் நெகிழ்ந்துவிட்டாள். என் தப்புக்கு அவிய ஏன் கன்று கொடுக்க வேண்டும், பெரிய மனசு என்று செண்பகராஜை வாயார வாழ்த்தினாள். வெயிலுகந்தம்மாளுக்கு நாக்கில் முள் குத்தின மாதிரி இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் சுந்தரம்மாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

இரண்டு பேருமாக மூன்று நாள் நட்டார்கள். சுந்தரம்மாள் ஒன்றைத் தீர்மானமாகச் சொன்னாள். இதுதான் கடைசி. இதுவும் போய்விட்டால் காட்டைக் கரிமூட்டம் போடுகிறவனுக்கு விட்டுவிடுவேன், வேலிக்கருவை முள் மண்டட்டும், வெட்டிக் கரியாகச் சுட்டுக்கொள்ளட்டும், மதுரையில் மகள் வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். அதனால் இந்தத் தடவை ஒரு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றுவேன்.

அதைக் கேட்டதும் வெயிலுகந்தம்மாள் கையில் இருந்த கன்றைக் கீழே வைத்தாள். ஊற்றவே கூடாது அக்கா என்று கெஞ்சினாள். மழைக்காலம் முடிகிறவரை மழை பார்த்துக்கொள்ளும், கார்த்திகைக்குப் பிறகு மேல்மண்ணைக் கொத்திக் கொத்திப் புழுதியாக வைத்துக்கொள்ளுங்கள், தூரைச் சுற்றிக் காய்ந்த பருத்திமாரைக் குச்சி குச்சியாகப் போட்டு மூடிவிடுங்கள், அது போதும் என்றாள். சுந்தரம்மாள் தலையை ஆட்டினாள். எந்தத் தலையாட்டல் சம்மதம், எந்தத் தலையாட்டல் பேச்சை முடிக்க என்பது தெரியாதவளா இவள்? போன தடவை தண்ணீர் போதாமல் கொன்றுவிட்டோம் என்று நம்புகிறவளிடம் தண்ணீர் ஊற்றாதே என்றால் எந்தக் காதில் ஏறும்? அந்த நம்பிக்கையைக் கொடுத்ததே தன் வாய்தான் என்பதை நினைத்துக்கொண்டே டெம்போவில் திரும்பினாள்.

தையும் மாசியும் போயின. பங்குனி பாதியில் நர்சரிக்கு ஒரு கார்டு வந்தது. யாரையோ வைத்து எழுதியிருந்தாள் சுந்தரம்மாள். இலையெல்லாம் கொட்டிவிட்டது, ஊர்க்காரர்கள் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள், பாதையோர வரிசைக்கு மட்டும் பத்து நாளாகத் தண்ணீர் ஊற்றி வருகிறேன், வெள்ளிக்கிழமை முதல் எல்லாக் கன்றுக்கும் ஊற்றப்போகிறேன், நீ கவலைப்படாதே. கார்டைப் படித்த அன்றைக்கு வியாழன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தாள். வண்டி எட்டயபுரம் தாண்டி விளாத்திகுளம் போய் நாகலாபுரம் போகிற வரைக்கும், போய் என்ன சொல்வது என்ற ஒரே யோசனைதான். பார்க்கப் போனால் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் அதைச் சொல்லாமல் தப்பிக்கிற வழிகள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பருத்தி பிடுங்கின காடு வெடித்துக் கிடந்தது. கரிசலுக்கு நடு நியாயம் என்பது கிடையாது. மழையில் காலை விடாது, கோடையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

இறங்கி இரண்டு மைலும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். சுந்தரம்மாள் இடுப்பில் குடத்தோடு காட்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் இருநூறு மொட்டைக் குச்சி. ஒரு இலை கிடையாது.

ஊற்ற வேண்டாம் என்று இவள் தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். சுந்தரம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் கேட்டு நிற்கிற உயிருக்கு ஊற்றாதே என்று எந்த ஊரில் சொல்வார்கள் என்றாள். பாதையில் போகிறவனெல்லாம், நட்டுவைத்துச் சாகடிக்கிறாளே, இவளுக்கு நெஞ்சு என்ன கல்லா என்று காதுபடக் கேட்டுவிட்டுப் போகிறான். எதிரிக்குக்கூடத் தண்ணீர் இல்லை என்று சொல்லாத சனம் இது. அதனால்தான் முதலில் பாதையோர வரிசைக்கு ஊற்ற ஆரம்பித்ததாகச் சொன்னாள். ஊரின் வாயை அடைக்க.

வெயிலுகந்தம்மாள் நேரே அந்தப் பாதையோர வரிசைக்குப் போனாள். ஊற்றிய தண்ணீர் மேலாக நான்கு விரற்கடை நனைத்திருந்தது. நனைந்த மண் உப்பி, காய்ந்து, கன்றைச் சுற்றி வட்டமாகப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்புக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டாள். விரலில் பிடிபட்டதை வெளியே இழுத்தாள். அறுந்த வேர், நூல் நூலாக. தண்ணீரைத் தேடி மேலே வந்த வேரை வெடிப்பு இழுத்து அறுத்திருந்தது. அந்த வரிசைக் கன்று ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே பழுப்பு. அடுத்த வரிசைக்கு, தண்ணீர் பார்க்காத வரிசைக்குப் போய், புழுதியும் பருத்திமாரும் மூடியிருந்த ஒரு மொட்டைக் குச்சியைக் கீறினாள். ஒரு கீற்றுப் பச்சை தெரிந்தது. இலையைக் கொட்டிவிட்டு உயிரை உள்ளே பிடித்து வைத்திருந்தது.

சுந்தரம்மாள் அதையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள். ஆனாலும் குடத்தை இறக்கவில்லை. போன தடவையும் இப்படித்தானே மொட்டையாக நின்றன, அப்போது தண்ணீர் போதாமல்தானே செத்தன என்றாள். அவள் கேட்டது நியாயம்தானே?

அந்த இடத்தில்தான் வெயிலுகந்தம்மாள் உடைந்தாள். "போன தடவ செத்தது ஒங்களால இல்லக்கா. என்னால. ரெண்டு நேரமும் தண்ணி ஊத்திச் சொகுசா வளத்துட்டேன். நீங்க கொண்டாந்து காட்டுனீயல்லா, அப்பவே வேரப் பாத்து எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுகிட்டுத்தான் கன்னு நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். இந்தக் கன்னும் மொதலாளி குடுத்தது இல்ல. நானாக் கொண்டாந்தது."

சுந்தரம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்த மூணு நாளு?" என்று கேட்டாள்.

எந்த மூன்று நாள் என்று வெயிலுகந்தம்மாளுக்குப் புரியவில்லை. சுந்தரம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்தப் பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. நான்காம் நாள் தட்டுத் தடுமாறிக் குடத்தோடு வந்து பார்த்தபோது கன்றெல்லாம் சுருண்டிருந்தன. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நர்சரி மேஜையில்கூடச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. படுத்துக் கிடந்து இருநூறு உயிரைக் கொன்றவள் என்றுதான் இரண்டு வருஷமாகத் தன்னை நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை காய்ச்சல் வந்தாலும் தவழ்ந்துகொண்டாவது வந்து ஊற்றுவது என்று வைராக்கியம் வைத்திருந்தாள்.

"மூணு நாள் என்னக்கா, முப்பது நாள் தாங்கியிருக்கணும்" என்றாள் வெயிலுகந்தம்மாள். "தாங்காம வளத்தது நானு."

சுந்தரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. குரல் மட்டும் ஏறியது. "ரெண்டு வருசமா இதச் சொல்ல ஒனக்கு நாக்கு வரலையாட்டி?"

அவ்வளவுதான். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இரண்டு மைல் ஓடி வந்தவளிடம் தண்ணீர் குடிக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெயிலுகந்தம்மாளும் அதை எதிர்பார்க்கவில்லை. அந்தக் குடத்தை நாளைக்கு அவள் ஊற்றுவாளா, மாட்டாளா என்பதுகூடத் தெரியாமல் பஸ் ஏறினாள்.

அதற்கப்புறம் கார்டு வரவில்லை. சித்திரை பிறந்து, வெயில் உச்சிக்கு வந்தது. வெயிலுகந்தம்மாள் தன் பாத்தியில் தாகம் எடுத்து நிற்கிற கன்றுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மொட்டைக் குச்சிகளையே நினைத்தாள். சித்திரை கடைசியில் ஒரு சாயங்காலம் கிழக்கே மின்னியது. விளாத்திகுளம் பக்கம் நல்ல மழை என்று மறுநாள் பஸ்காரர்கள் சொன்னார்கள். போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மழை பெய்து பன்னிரண்டாம் நாள், நர்சரியில் நாலைந்து பேர் கன்று பார்த்துக்கொண்டிருந்த நேரம், சுந்தரம்மாள் வாசலில் வந்து நின்றாள். கையில் அதே மஞ்சப்பை. செண்பகராஜுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் சுருங்கியது. வெயிலுகந்தம்மாள் குழாயை அப்படியே போட்டுவிட்டு நின்றாள்.

சுந்தரம்மாள் பையிலிருந்து ஒரு சிறு கிளையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கிளை நெடுகப் பிஞ்சுத் துளிர், இளஞ்சிவப்பும் பச்சையுமாக. நூற்று எழுபத்தாறு என்றாள். விடியற்காலையில் இரண்டு தடவை நடந்து எண்ணியதாகச் சொன்னாள். பாதையோர வரிசை இருபதும், கரையான் அரித்த நாலும் போக மீதி எல்லாம் துளிர்த்திருந்தன. அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் ஊற்றவில்லை. பாதையில் போகிறவனெல்லாம் ஏசியதை இரண்டு காதாலும் கேட்டுக்கொண்டு, பருத்திமாரைத் திரும்பத் திரும்பத் தூருக்கு இழுத்துவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

செண்பகராஜ் சிரித்துவிட்டார். நான் அப்போதே சொன்னேனே, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினால் நம்ம கன்று போகுமா என்றார் வந்திருந்தவர்களைப் பார்த்து. அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "வெயிலு, நீயே சொல்லு" என்று இவளைப் பார்த்துத் திரும்பினார்.

சுந்தரம்மாளும் திரும்பிப் பார்த்தாள். அதற்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தாள்.

அதே மேஜை. அதே கேள்வி. வெயிலுகந்தம்மாளின் இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தேடிக்கொண்டன.

"மொதத் தடவ இவியளுக்குக் குடுத்த கன்னு நல்லா இல்ல அண்ணாச்சி" என்றாள். "தண்ணியக் குடுத்துக் குடுத்து நான்தான் கெடுத்து வச்சிருந்தேன். தெரிஞ்சே அன்னைக்குப் பொய் சொன்னேன். இவிய மேல ஒரு தப்பும் கெடையாது."

வந்திருந்தவர்களில் ஒருவர், அப்போதுதான் பொறுக்கி வைத்திருந்த பச்சைக் கன்றை மெதுவாகக் கீழே வைத்தார். செண்பகராஜ் அவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், கடைசியில் மேஜைமேல் கிடந்த துளிரைப் பார்த்தார். கைராசிக்காரி என்ற பேர் அந்த நிமிஷத்தோடு போயிற்று. பிற்பாடு வேறு பேர் வந்தது என்பதும், தொண்ணூற்றெட்டுக்குப் பிறகு மானாவாரிக்காரர்கள் அந்தச் சவலைப் பாத்தியை முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கிப் போனார்கள் என்பதும், வருகிற ஒவ்வொருத்தரையும் உங்க காடு கரிசலா செவலா என்று மண்ணைக் கேட்காமல் அவள் ஒரு கன்றையும் கொடுத்ததில்லை என்பதும் எல்லாம் அப்புறம் நடந்த சங்கதி. அன்றைக்கு அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. பேர் போனது மட்டும்தான் தெரிந்தது, நெஞ்சு லேசானதும் தெரிந்தது.

சுந்தரம்மாள் மஞ்சப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பந்தல் காலோரமாக நிழல் பார்த்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தொண்ட வறளுது" என்றாள். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா தாயி."